தோணியில் ஏறிய பொறுப்பு

முதலில் இரும்புப் பெட்டியை ஏற்றினார்கள். நான்கு தலையாரிகள் அதைச் சுமந்துகொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, தோணியின் நடுப்பலகையில் வைத்ததும் தோணி நாலு விரற்கடை தாழ்ந்தது. பிறகு முத்திரைப் பெட்டி. பிறகு சிவப்புத் துணியில் கட்டிய நிலக்கணக்குக் கட்டுகள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின.

"இன்னும் எத்தனை உருப்படி இருக்கு?" என்று கேட்டான் தோணிக்காரன் காஜா முகைதீன்.

"அறுபத்தாறு," என்றார் ரிக்கார்டு குமாஸ்தா பாபநாசம்.

"ஆளு?"

"பதினொண்ணு."

"இது ஆள் ஏத்துத தோணி, எசமான். நெல்லு மூட்டைன்னா எத்தனை தாங்கும்னு சொல்லிருவேன். காயிதம் எத்தனை தாங்கும்னு எனக்குத் தெரியாது."

"காயிதத்துக்கு என்னவே கனம்," என்றார் பாபநாசம். இரண்டு தலையாரிகள் மூச்சு வாங்கத் தூக்கி வந்த ஒரு கட்டுக்கு அவர் ஒதுங்கி வழி விட்டார்.

அன்று அந்தத் தாலுகாக் கச்சேரியின் சிப்பந்திகள் அனைவரும் ஓய்வெடுக்க வேண்டிய நாள்.

போன ஜமாபந்தியின்போது இரண்டு குமாஸ்தாக்கள் எழுதிக்கொண்டிருந்த தாளின் மேலேயே மயங்கி விழுந்துவிட்டார்கள். ஒருவர் தலை பட்டு மசி கொட்டியதில் ஒரு கிராமம் முழுவதும் அழிந்துபோயிற்று. கலெக்டர் துரை இதைக் கேள்விப்பட்டார். அவருடைய நாட்டில் மனிதர்கள் களைத்துப்போனால் தோணியில் ஏறி ஆற்றோடு போய் வருவார்களாம். ஆகையால் அவர் நாலே வரியில் ஓர் உத்தரவு போட்டார். சகல சிப்பந்திகளும் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை ஆற்றில் தோணியிலிருந்து ஓய்வெடுக்கக் கடவர். ஓய்வெடுத்ததற்கு அறிக்கை அனுப்பக் கடவர். அனுப்பிவிட்டு அவர் மலைக்குப் போய்விட்டார்.

உத்தரவைப் படித்த தலைமைக் குமாஸ்தா வேதமுத்து இரண்டு நாள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மூன்றாம் நாள் தாசில்தார் முன்னால் போய் நின்றார்.

"எசமான், பொறுப்பை ஒப்படைக்காம யாரும் ஆசனத்தை விட்டு நீங்கக்கூடாதுன்னு விதி இருக்கு."

"தெரியுமே. நான் உம்மகிட்ட ஒப்படைக்கேன்."

"நானும் போறேன்."

"நீரு ரெண்டாவது குமாஸ்தாகிட்ட ஒப்படையும்."

"அவரும் போறார். டவாலிச் சேவகன் வரைக்கும் போறான், எசமான். சகல சிப்பந்திகளும்னு துரை எழுதியிருக்கு."

தாசில்தார் தாணுமாலையன் பிள்ளை இளகிய மனசுக்காரர். எதை மறுத்தாலும் கண் கலங்கித்தான் மறுப்பார். அவர் நெடுநேரம் யோசித்தார். கச்சேரி முழுவதும் ஒன்பது நாள் யோசித்தது. பத்தாம் நாள் வேதமுத்து ஒரு குறிப்பு எழுதி வைத்தார்: 'ஒப்படைக்க ஆளில்லாதவிடத்துப் பொறுப்பும் உடன் வரவேண்டியது.' தாசில்தார் அதன் கீழே சிவப்பு மசியில் 'சரி' என்று எழுதினார். அதன்படிதான் கச்சேரியின் பொறுப்பு, மொத்தம் அறுபத்தொன்பது உருப்படி, இப்போது மருதந்துறையில் தோணி ஏறிக்கொண்டிருந்தது.

ஓய்வெடுப்பது எப்படி என்று கச்சேரியில் தெரிந்திருந்தவர் ஒருவர்தான். இரண்டாவது குமாஸ்தா பாக்கியசீலன் பட்டணத்தில் ஒரு மாதம் மாமனார் வீட்டில் இருந்து வந்தவர். வைக்கோல் தொப்பி வைத்திருந்தார். பட்டணத்துக் கனவான்கள் கால்வாயில் படகு விட்டுக்கொண்டு போவதைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறார். ஆகவே நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் வேலை அவருக்கு வந்தது. ஒன்பது மணி முதல் ஒன்பதரை வரை இயற்கையைப் பார்வையிடுதல். ஒன்பதரை முதல் பத்து வரை காற்று வாங்குதல். பத்து மணிக்கு மேல் பாட்டுப் பெட்டி. ஒவ்வொரு கால்மணிக்கும் யாராவது ஒருவர் தண்ணீரைப் பார்த்து 'ஆகா' என்று சொல்ல வேண்டும். அதற்கு முறை வைத்திருந்தார். சேவகன் முறை மத்தியானம் இரண்டே முக்காலுக்கு.

"முழங்கையை ஊன்றிச் சாஞ்சு உக்காரணும், அண்ணாச்சி," என்று அவர் பாபநாசத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். "நிமுந்து உக்காந்தா அது ஓய்வு இல்ல."

"கட்டை மடியில வச்சிக்கிட்டு எப்படிவே சாயது?"

"பைய சாயுங்க."

பாபநாசம் பைய சாய்ந்தார். கட்டு அவர் மூக்கின் மேல் சாய்ந்தது.

அறுபத்தொன்பதாவது உருப்படியும் ஏறிற்று. தலையாரிகளுக்கு ஓய்வுக்கு உத்தரவு இல்லையாதலால் அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். துறையில் அக்கரைக்குப் போகக் காத்திருந்தவர்கள் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். இன்று தோணி இல்லை என்று அறிவித்தபோது முதலில் முணுமுணுத்தார்கள். பாட்டுப் பெட்டியின் குழாயைக் கண்டதும் கீழே துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். திசையன்விளையிலிருந்து கருப்பட்டி கொண்டு வந்த ஒரு வியாபாரி, உத்தியோகஸ்தர்கள் எப்படி ஓய்வெடுக்கிறார்கள் என்று பார்த்துப் போனால் ஊரில் சொல்லலாம் என்றான்.

அவர்களை விலக்கிக்கொண்டுதான் ஜெபகனி வந்தாள். நாற்பது வயதுக்காரி, பாளையங்கோட்டையில் பிரசவ வேலை படித்தவள். ஆற்றின் இரு கரையிலும் பத்துப் பதினைந்து ஊர்களுக்கு அவள் ஒருத்திதான். கையில் தோல் பை. பின்னால், தலைமுதல் கால்வரை தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவன். அக்கரை கோட்டைப்பத்தில் வயல் வேலை செய்யும் சுடலைமாடன். நீந்தி வந்து அவளை அழைத்துக்கொண்டு வந்திருந்தான்.

"தோணிய எடு, காஜா," என்றாள் ஜெபகனி. "இவன் பொண்டாட்டி இசக்கியம்மா கோழி கூப்பிட்டதுலேருந்து கிடக்கா. பிள்ளை கால் முந்தி வருது."

காஜா முகைதீன் கழியைக் கையில் எடுத்தான். பிறகு தாசில்தாரைப் பார்த்தான். பிறகு கழியை மடியில் வைத்துக்கொண்டான்.

"தோணி எங்கிட்ட இல்ல, தாயி. இன்னைக்கு அது கச்சேரில இருக்கு."

ஜெபகனி தோணியைப் பார்த்தாள். கட்டுகளுக்கு நடுவே ஒரு முகம் தெரிந்தது. "அது யாரு, வேதமுத்து அண்ணாச்சியா? போகவர கால்மணி நேரம் ஆகும். என்னை அக்கரையில விட்டுட்டு நீங்க எங்க வேணும்னாலும் போங்க."

"அக்கரை அடுத்த தாலுகா," என்றார் வேதமுத்து.

"ஆமா. தினமும் போயிட்டு வாரதுதானே."

"தோணி போகும். கச்சேரி போகக்கூடாது. கட்டெல்லாம் தாலுகா எல்லையைத் தாண்டுச்சுன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

தாலுகா எல்லை ஆற்றின் நட்டநடுவில் ஓடியது. தண்ணீருக்கு அது தெரியாது. ஆனால் வேதமுத்துவிடம் வரைபடம் இருந்தது. அது நாற்பத்தாறாவது உருப்படி.

"அப்ப கட்டையெல்லாம் கரையில இறக்கி வைங்க. திரும்பி வந்து ஏத்திக்கிடலாம்."

"இறக்கி வச்சா யாரு பொறுப்பு?"

"இங்கன அம்பது பேரு உக்காந்திருக்காங்க."

"அம்பது பேரும் பொதுஜனங்க."

ஜெபகனி தண்ணீர் ஓரம் வரை வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அண்ணாச்சி, உங்க பிள்ளைங்க மூணையும் எடுத்தது இந்தக் கை. கடைசிப் பிள்ளைக்கு நடு மழையில குடையில்லாம வந்தேன். அன்னைக்கு உங்க வீட்டு எல்லை எதுன்னு கேட்டேனா?"

வேதமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வீடு, ஜெபகனி. நான் என்ன மனுசன் இல்லையா? நாளைக்கு விடிஞ்சா நானே கூட வாரேன்."

"நாளைக்கு எதுக்கு, பேரு வைக்கவா?"

தாசில்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. மேல்துண்டால் ஒற்றிக்கொண்டார். "பாவம் வே. விதியில ஏதாவது வழி இருக்கான்னு பாருமே."

வேதமுத்து மனிதர்தான். பார்த்தார். பத்து நிமிஷம் புரட்டினார். வழி இருந்தது. அவசரகாலத்தில், உத்தியோகஸ்தர் ஒருவரும் கிடைக்காதவிடத்து, நன்னடத்தையுள்ள ஓர் ஆளிடம் தாசில்தார் தற்காலிகமாகப் பொறுப்பை ஒப்படைக்கலாம்.

"நன்னடத்தையுள்ள ஆளு யாரு?" என்றார் தாசில்தார்.

எல்லோரும் கரையில் இருந்தவர்களைப் பார்த்தார்கள். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். கருப்பட்டி வியாபாரி தனக்கு வேறு ஜில்லாவில் ஒரு வழக்கு இருப்பதாகக் கேட்காமலே சொன்னான்.

"நான் நிக்கேன், சாமி," என்றான் சுடலைமாடன். "எங்கன நிக்கணும்னு சொல்லுங்க. அம்மையைக் கொண்டு போங்க."

இப்படியாகச் சுடலைமாடன் அந்தத் தாலுகாவின் பொறுப்புத் தாசில்தாராக நியமிக்கப்பட்டான். ஆணையை வேதமுத்து அழகான கையெழுத்தில் எழுதினார். ஈரம் சொட்டாமல் இருக்க அவனை ஓர் எட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். கைநாட்டு வைப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. ஒப்படைக்கும் உருப்படிகளை ஒப்படைப்பவரும் பெறுபவரும் சேர்ந்து எண்ணிச் சரிபார்க்க வேண்டும்.

"சரியா இருக்கும், சாமி," என்றான் சுடலைமாடன்.

"எண்ணாம எப்படிலே தெரியும்?" என்றார் பாபநாசம். ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது.

எண்ணத் தொடங்கினார்கள். பாபநாசம் கட்டின் எண்ணைப் படிப்பார். சுடலைமாடன் 'இருக்கு' என்று சொல்ல வேண்டும். அவன் அக்கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எண் ஒன்று, இருக்கு. எண் இரண்டு, இருக்கு. ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்து உள்ளே இருக்கும் தாள்களையும் எண்ண வேண்டியிருந்தது. ஜெபகனி துறைப்படியில் உட்கார்ந்து எழுந்தாள், எழுந்து உட்கார்ந்தாள். பாக்கியசீலன் நிகழ்ச்சி நிரலை வீணாக்க மனமில்லாமல் பாட்டுப் பெட்டியைச் சுழற்றி விட்டார். கரையில் இருந்தவர்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

எண் முப்பத்தாறு, இருக்கு. பாபநாசம் கட்டுகளைப் புரட்டினார். எண் முப்பத்தெட்டைப் படித்தார்.

"இருக்கு," என்றான் சுடலைமாடன்.

"முப்பத்தேழு எங்க வே?" என்றார் வேதமுத்து.

முப்பத்தேழு இல்லை. அது தொலைந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கச்சேரியில் எல்லோருக்கும் தெரியும். வருஷா வருஷம் 'சரிபார்க்கப்பட்டது' என்று ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். யாரும் எண்ணாத வரையில் அது தொலையவில்லை. இப்போது எண்ணியாகிவிட்டது.

பாட்டுப் பெட்டியில் ஓர் அம்மாள் பாடிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பயல்தான் ஏதோ பண்ணிட்டான்," என்றார் பாபநாசம்.

"அவன் கட்டைத் தொடவே இல்லையே, அண்ணாச்சி," என்றான் காஜா முகைதீன்.

"பொறுப்புத் தாசில்தார் அவன்தானே?"

"இன்னும் கைநாட்டு வைக்கலை," என்றார் வேதமுத்து. அதைச் சொன்னபோது அவருக்கே ஒரு வழி பிறந்தது. "கைநாட்டு வைக்காததுனால ஒப்படைப்பு நடக்கலை. ஒப்படைப்பு நடக்காததுனால நாம எண்ணலை. எண்ணாததுனால..."

"முப்பத்தேழு இருக்கு," என்றார் தாசில்தார், பெருமூச்சோடு.

நியமன ஆணையை நான்காகக் கிழித்து ஆற்றில் விட்டார்கள். சுடலைமாடனின் பதவிக்காலம் ஒன்றே முக்கால் மணி நேரம்.

அவன் அந்தத் துண்டுகள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அவ தனியாக் கிடக்கா," என்று ஜெபகனியிடம் சொன்னான். "நான் போறேன். நீங்க எப்படியாவது வந்திருங்க, அம்மா." தண்ணீரில் இறங்கினான். நான்கு எட்டில் அவன் தலை மட்டும் தெரிந்தது. ஜெபகனிக்கு நீந்தத் தெரியாது. பாலத்துக்குப் போகப் பத்து மைல், வரப் பத்து மைல்.

காஜா முகைதீன் தோணியின் கயிற்றை அவிழ்க்கிறவன்போல அவள் பக்கம் குனிந்தான். "தாயி, தோணில ஏறிருங்க. மண்டபத்துக்குக் கீழ நடு ஆத்துல ஒரு மணல்மேடு இருக்கு. இந்தப் பக்கம் ஆழமான கசம். அந்தப் பக்கம் முழங்கால் தண்ணிதான். நான் அங்கன தட்டி நிறுத்துதேன்."

"உன் லைசென்சு?"

"மணலுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

ஜெபகனி பலகையில் கால் வைத்தாள். வேதமுத்து கையை நீட்டித் தடுத்தார். "ஓய்வெடுக்கிறவங்களைத் தவிர யாரும் ஏறக்கூடாது."

"நானும் ஓய்வெடுக்கத்தான் வாரேன்."

"நீ சிப்பந்தி இல்லையே."

"சகல சிப்பந்திகளும் ஓய்வெடுக்கணும்னுதான் இருக்கு, எசமான்," என்றான் காஜா. "மத்தவங்க எடுக்கக்கூடாதுன்னு இல்லையே. நான்கூட ஏறித்தான் இருக்கேன்."

வேதமுத்து உத்தரவை எடுத்துப் படித்தார். இல்லைதான். அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. "ஆனா உண்மையாவே ஓய்வெடுக்கணும். அறிக்கையில எழுதணும்ல. பாக்கியசீலன், பாரும்."

பாக்கியசீலன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவளை உற்றுப் பார்த்தார். "ஓய்வா இருக்கிற மாதிரித் தெரியலையே. பையை எப்படி இறுக்கிப் பிடிச்சிருக்காங்க பாருங்க. புருவமும் ஏறி நிக்குது."

ஜெபகனி பலகையில் உட்கார்ந்து பையை மடியில் தளர்த்தினாள். புருவத்தை இறக்கினாள்.

"சாஞ்சு உக்காரணும்."

சாய்ந்தாள்.

"தண்ணியைப் பாத்து ஒரு தடவை சொல்லுங்க."

ஜெபகனி தண்ணீரைப் பார்த்தாள். சுடலைமாடனின் தலை அக்கரையை எட்டிக்கொண்டிருந்தது. "ஆகா," என்றாள்.

"கொஞ்சம் வறண்டு இருக்கு. பரவாயில்லை," என்றார் பாக்கியசீலன். வேதமுத்து அவள் பெயரைப் பன்னிரண்டாவதாக எழுதிக்கொண்டார். தோணி புறப்பட்டபோது மணி பதினொன்று. இரண்டு மணி நேரம் தாமதமானதால், இயற்கையைப் பார்வையிடுதலும் காற்று வாங்குதலும் ஒரே சமயத்தில் நடைபெறும் என்று அறிவிக்கப்பட்டது.

தோணி விளிம்புவரை முங்கி, மிகுந்த மரியாதையோடு நகர்ந்தது. தாணுமாலையன் பிள்ளை இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்து இருபுறமும் பார்த்தார். மாசி மாதத்து ஆறு. இரு கரையிலும் மருத மரங்கள். இவற்றில் எத்தனை மரம் கணக்கில் இருக்கிறது என்ற யோசனை அவருக்கு வந்தது. ஓய்வு என்று ஞாபகம் வந்ததும் யோசனையை நிறுத்தினார். மண்டபம் வந்தது, போயிற்று. காஜா முகைதீன் கழியை ஊன்றி ஒரு பக்கமாகச் சாய்த்தான். தோணி வயிற்றில் சரசரவென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

"என்னவே?"

"மணல், எசமான்."

"இது எந்தத் தாலுகா?" என்றார் வேதமுத்து உடனே.

வரைபடத்தை எடுக்க நான்கு கட்டுகளை நகர்த்த வேண்டியிருந்தது. மணல்மேட்டின் இக்கரைப் பாதி தங்களுடையது என்றும் தோணியின் மூக்கு எல்லையிலிருந்து ஆறு முழம் உள்ளே இருக்கிறது என்றும் அளந்து முடிக்கும்போது, ஜெபகனி மணலில் இறங்கிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தாள்.

"ஜெபகனி, அஞ்சு மணிவரை ஓய்வு இருக்கு."

"என்னுது முடிஞ்சுது, அண்ணாச்சி," என்றாள் அவள். திரும்பிப் பார்க்கவில்லை. பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு அக்கரைப் பக்கத்துத் தண்ணீரில் நடந்தாள். கொஞ்ச தூரம் நடந்தாள், பிறகு ஓடினாள், தண்ணீரில் ஓட முடியாமல் மறுபடி நடந்தாள். வேதமுத்து அவள் பெயருக்கு எதிரே 'இடையில் நீங்கினார்' என்று குறித்தார். மணி பதினொன்றரை.

"எசமான், நாலு பேரு இறங்கினா தோணி மிதந்துரும்," என்றான் காஜா.

யார் இறங்குவது? இறங்குகிறவர் தம் கட்டை வைத்துவிட்டு இறங்கினால் பொறுப்பைக் கைவிட்டவர் ஆவார். கட்டோடு இறங்கினால் தோணியை விட்டவர் ஆவார். தோணியில்தான் ஓய்வெடுக்க வேண்டும் என்று உத்தரவு. இதைப் பற்றிச் சுமார் ஒரு மணி நேரம் பேசினார்கள். தண்ணீர் தானாக ஏறும்வரை காத்திருப்பது என்று முடிவாயிற்று. அணையில் மடை திறந்தால் தண்ணீர் ஏறும். மடை திறக்க மனு கொடுக்க வேண்டும். மனுக்களை வாங்கும் கச்சேரி மணலில் இருந்தது.

புளிச்சோறு சாப்பிட்டார்கள். வெயில் ஏறியது. மடியில் கட்டு இருந்ததால், ஒருவர் சும்மா அவிழ்த்துப் பார்த்தார். இன்னொருவர் மசிக்கூட்டைத் திறந்தார். ஒரு மணிக்குள் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பார்க்க வருகிறவர் இல்லை, வெற்றிலை போட வெளியே போக வழியில்லை. கச்சேரியில் மூன்று மாதத்தில் நடக்காத வேலை அங்கே மூன்று மணி நேரத்தில் நடந்தது. பாக்கியசீலன் மட்டும் கவலையோடு இருந்தார். இரண்டே முக்காலுக்குச் சேவகன் தண்ணீரைப் பார்த்துத் தன் முறையைச் சொன்னான். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இது ஓய்வு மாதிரி இல்லையே, எசமான்," என்றார் பாக்கியசீலன் தாசில்தாரிடம். "அறிக்கையில என்னன்னு எழுதுதது?"

தாசில்தாருக்கும் அந்தக் கவலை இருந்தது. அவர் மனசைத் தளர்த்திப் பார்த்தார். தளர்த்தின இடத்தில் முப்பத்தேழாம் கட்டு வந்து நின்றது. பிறகு மருத மரக் கணக்கு வந்தது. பொறுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி ஓய்வெடுப்பான்?

நான்கு மணி இருக்கும். அக்கரையில் ஊருக்குள்ளிருந்து இசக்கியம்மாளின் குரல் வந்தது. நீளமாக வந்து, நின்று, மறுபடி வந்தது. தண்ணீர்மேல் வந்ததால் சொற்கள் உதிர்ந்து ராகம் மட்டும் எட்டியது.

"அக்கரையிலயும் பாட்டுப் பெட்டி வச்சிருக்கான் போலுக்கு," என்றார் பாபநாசம்.

கொஞ்ச நேரத்தில் ஒருவன் மண்வெட்டியோடு கரையில் இறங்கி வந்தான். சுடலைமாடன். மரங்களுக்குக் கீழே ஈரமண்ணாகப் பார்த்து வெட்டத் தொடங்கினான். அவன் பின்னால் ஜெபகனி வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் மடியில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்று இருந்தது. ஒரு முழம் இருக்கும்.

பாபநாசம் எழுதுவதை நிறுத்திக் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "எவனோ ஆத்துப் புறம்போக்குல தோண்டுதான், எசமான். கேள்வி முறை இல்லாம தோண்டுதான்." அவர் கை தானாகவே ஒரு கட்டை அவிழ்த்தது.

வேதமுத்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "கட்டைக் கட்டி வையும் வே," என்றார். "அது அடுத்த தாலுகா."

"நிச்சயமாவா?" என்றார் தாசில்தார்.

"எல்லைக்கு அந்தப் பக்கம்."

"அப்ப அது நம்ம பொறுப்பு இல்லை."

"இல்லை, எசமான்."

தாணுமாலையன் பிள்ளை மெல்ல மூச்சு விட்டார். இரும்புப் பெட்டிமேலிருந்து இறங்கிப் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டினார். அக்கரையில் மண் விழும் சத்தம் ஒரே சீராக வந்தது. பாபநாசம் கட்டை முடிச்சுப் போட்டு ஓரமாக வைத்துவிட்டு அதன்மேலேயே சாய்ந்தார். முழங்கை தானாக ஊன்றிக்கொண்டது. குமாஸ்தாக்கள் ஒவ்வொருவராக மசிக்கூட்டை மூடினார்கள். ஒருவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். சேவகனுக்குக் கொட்டாவி வந்தது, மற்றவர்களுக்கும் வந்தது. காற்றுகூட அப்போதுதான் வீசத் தொடங்கியதுபோல இருந்தது. பாக்கியசீலன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரு புருவமும் ஏறி நிற்கவில்லை. திருப்தியோடு நோட்டை எடுத்து எழுதினார்: 'மாலை மணி நாலு பத்து. சிப்பந்திகள் அனைவரும் பூரண ஓய்வில் இருந்தனர்.'

தோணியின் பின்கோடியில் காஜா முகைதீன் கழியைக் கீழே வைத்துவிட்டு அக்கரையைப் பார்த்து எழுந்து நின்றான். மண்வெட்டிச் சத்தம் அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தான்.